கெட்ட நாளையும் தாங்கும் தோட்டம்

மீன் கழுவிய தண்ணீரை எங்கள் பக்கத்தில் யாரும் சாக்கடையில் கொட்டுவதில்லை. கொல்லையில் கறிவேப்பிலை இருந்தால் அதன் தூரில் ஊற்றுவார்கள். இல்லாவிட்டால் முருங்கைக்கோ மல்லிகைக்கோ போகும். கோடையில் ஏரி வற்றியதும் வண்டலை அள்ளிக்கொண்டுபோய் நிலத்தில் அடிப்பதும் இதே கணக்குதான். மீனும் நத்தையும் கொக்கும் கழித்தது பயிருக்குச் சோறு. இன்று அக்வாபோனிக்ஸ் என்று சொல்லப்படுவது இந்தப் பழைய பழக்கத்தின் அடுத்த படி. மீனை உயிரோடு தொட்டியில் வளர்க்கிறோம். அது கழிக்கும் தண்ணீரைச் சின்ன மோட்டார் ஒன்று செடிப் பாத்திக்கு ஏற்றுகிறது. பாத்தியில் இருக்கும் ஜல்லியும் வேரும் அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்கின்றன. சுத்தமான தண்ணீர் வழிந்து திரும்பவும் மீனிடமே வருகிறது. மண் வெட்ட வேண்டாம், களை பறிக்க வேண்டாம், தினமும் குடம் தூக்கி ஊற்ற வேண்டாம்.

உடம்பு ஒத்துழைக்காதவர்களின் கண்ணில் இந்த முறை படுவதற்குக் காரணம் அந்தக் கடைசி வரிதான். செஞ்சியைச் சுற்றிய ஊர்களில் அப்படிப்பட்டவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். மல்லாட்டை பிடுங்கிப் பிடுங்கி முதுகு போனவர், முழங்கால் தேய்ந்து தரையில் உட்கார முடியாத அம்மா, பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர், சர்க்கரையால் கால் விரலை இழந்தவர், சிறுவயதில் போலியோ வந்து இன்று ஐம்பதைத் தாண்டியவர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகளைக் கணக்கிட்டது. முழங்கால் வலிக்காரர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இதே செஞ்சிக்கு இன்னொரு முகமும் உண்டு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுப்பாக 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றுதான். அதைப் பார்க்க ஊரெல்லாம் வருகிறது. அந்தக் கோட்டையின் ராஜகிரி மலைப் படிகளைக் கீழேயிருந்து மட்டும் பார்த்துக்கொண்டே வாழ்கிறவர்களைப் பற்றியது இந்தக் கட்டுரை.

இவர்களில் ஒருவர், கையில் அதிகப் பணமில்லாமல், செஞ்சியின் தண்ணீரையும் கல்லையும் கரண்டையும் வெயிலையும் வைத்துக்கொண்டு, வீட்டில் மீனும் கீரையும் சேர்த்து வளர்க்க முடியுமா? முடியும் என்பது என் முடிவு. ஆனால் இதைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் தொடங்கும் இடத்தில் தொடங்கினால் முடியாது. அவை மீனிலிருந்தும் தொட்டியிலிருந்தும் தொடங்குகின்றன. நாம் தொடங்க வேண்டியது நாற்காலியிலிருந்து. அதிலும், உடம்பு நன்றாக இருக்கும் நாளை அளவாக வைக்கக் கூடாது. எழுந்து உட்காரவே முடியாத நாளை அளவாக வைக்க வேண்டும்.

எழுதப்பட்டவற்றை முதலில் ஒரு பார்வை பார்த்துவிடலாம். நெல் வயலில் மீன் விடுவது சீனாவின் சிங்தியன் பகுதியில் பல நூற்றாண்டுப் பழக்கம், ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் 2005-இல் அதை வேளாண் பாரம்பரியமாக அறிவித்தது. கேரளத்தின் பொக்காளி வயல்களில் நெல்லும் இறாலும் மாறி மாறி விளைகின்றன. தொட்டியும் குழாயுமாக உள்ள இன்றைய வடிவம் அமெரிக்காவில் பிறந்தது. 1969-இல் தொடங்கி மாசசூசெட்ஸில் இயங்கிய நியூ ஆல்கெமி நிலையம் மீனையும் செடியையும் ஒரே கூரையின் கீழ் வளர்த்துப் பார்த்தது. 1980-களில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்க் மெக்மர்ட்ரி, திலேப்பியா தொட்டித் தண்ணீரை மணல் பாத்தியில் பாய்ச்சித் தக்காளியும் வெள்ளரியும் எடுத்தார். கரீபியன் கடலில் உள்ள வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரகோசி, மிதவைப் பலகையில் செடி வளர்க்கும் முறையைப் பல ஆண்டுகள் சோதித்து, எவ்வளவு தீனிக்கு எவ்வளவு பாத்தி என்ற கணக்கைக் கொடுத்தார். டிராவிஸ் ஹ்யூகி என்பவர் பழைய பிளாஸ்டிக் டிரம்களை அறுத்தே முழு அமைப்பையும் கட்டிக் காட்டினார். 2014-இல் உணவு வேளாண் நிறுவனம் வெளியிட்ட 589-ஆம் எண் தொழில்நுட்ப நூல்தான் சிறிய அளவில் செய்வோருக்கு இன்றும் நல்ல கையேடு. காசாவில் பெண்கள் தலைமையேற்று நடத்தும் ஏழைக் குடும்பங்களின் மொட்டைமாடிகளில் இதே நிறுவனம் இந்த அமைப்பை வைத்துப் பார்த்தது.

வேலை எளிது, வயதானவரும் செய்யலாம் என்ற வரி இந்த வகை நூல்களில் அடிக்கடி வரும். எந்த உயரத்தில், எந்தக் கையால், எவ்வளவு நேரம் உட்கார்ந்து என்பது வருவதில்லை. இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் லவ் குழு, அக்வாபோனிக்ஸை வணிகமாகச் செய்வோரிடம் எடுத்த சர்வதேசக் கணக்கெடுப்பை 2015-இல் வெளியிட்டது. அதற்கு முந்தைய ஓராண்டில் லாபம் பார்த்ததாகச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே, வீட்டிலிருந்தபடி மாதம் இத்தனை ஆயிரம் சம்பாதிக்கலாம் என்று யாராவது மாற்றுத்திறனாளி ஒருவரிடம் இதை விற்க வந்தால், அவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

நமக்கு வேண்டிய பாடம் செஞ்சியிலிருந்து அதிக தூரமில்லாத வேலூரில் கிடைக்கிறது. சிஎம்சி மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதற்குப் பிறகு அவர் எடுத்துக்கொண்டது தொழுநோயாளிகளின் கை அறுவை சிகிச்சை. அது உட்கார்ந்தபடியே செய்யக்கூடியது. சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை செய்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவானதற்கு அவரே காரணம். உடம்பைப் போட்டு வதைக்காமல், உடம்புக்குப் பொருந்தும் வேலையையும் வேலைக்குப் பொருந்தும் இடத்தையும் அவர் தேர்ந்துகொண்டார். மீன்தொட்டிக்கும் அதே வழிதான்.

இனி டிரம்முக்கு வருவோம். கடையில் கிடைக்கும் 200 லிட்டர் நீல டிரம் ஏறக்குறைய 90 செ.மீ. உயரம், 58 செ.மீ. விட்டம். இரண்டு டிரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மீனுக்கு. இன்னொன்றை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் இரண்டு தொட்டில்கள் கிடைக்கும். இரண்டும் சேர்ந்து ஒரு சதுர மீட்டர் பாத்தி. இது தற்செயலாக மிகச் சரியாகப் பொருந்துகிறது. ஆயிரம் லிட்டருக்கு 10 முதல் 20 கிலோ மீன் வரை தாங்கும் என்பது சிறிய அமைப்புகளுக்கான அளவு. குறைந்த அளவையே எடுத்துக்கொண்டால் 200 லிட்டருக்கு 2 கிலோ, அதாவது நூறு கிராம் எடையுள்ள இருபது மீன். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு தீனி என்றால் ஒரு நாளைக்கு 40 கிராம். கீரைப் பாத்தி ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் மீன்தீனி என்பதுதான் அந்த 589-ஆம் நூல் சொல்லும் அளவு. இரண்டு டிரம், ஒரு கைப்பிடித் தீனி, ஒரு சதுர மீட்டர் கீரை. அதற்கு மேல் முதல் வருடம் ஆசைப்பட வேண்டாம்.

டிரம் வாங்கும்போது அதில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். விற்கிறவருக்குத் தெரியவில்லை என்றால் எடுக்காதீர்கள். ரசாயனம் இருந்த டிரம் எத்தனை முறை கழுவினாலும் மீனுக்கு ஆகாது. அந்தக் கீரையை நாமும் சாப்பிடப் போகிறோம்.

உயரம்தான் இந்த விஷயத்தின் மையம். தோட்டத்துக்கு மேசை போடுவது என்றால் பலர் நினைப்பது, சக்கர நாற்காலி உள்ளே நுழைய அடியில் இடம் விட்டு மேலே பாத்தி வைப்பதை. கணக்குப் போட்டால் அது உதைக்கிறது. முழங்கால் நுழைய 70 செ.மீ. வேண்டும். ஜல்லிப் பாத்தி 30 செ.மீ. ஆழம் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் விளிம்பு ஒரு மீட்டர் உயரத்துக்குப் போய்விடும். உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சுக்கு மேலே கையைத் தூக்கிக்கொண்டே வேலை செய்ய வேண்டியிருக்கும். பத்து நிமிடத்தில் தோள் கழன்றுவிடும். இதற்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று, நாற்காலியைப் பாத்திக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, விளிம்பை 60 முதல் 65 செ.மீ. உயரத்தில் வைத்துக்கொள்வது. முழங்கை மட்டத்தில் வேலை நடக்கும். மற்றொன்று, ஆழமான பாத்தியை விட்டுவிட்டு 4 அங்குல பிவிசி பைப்பில் துளையிட்டு, அதில் செடி வளர்ப்பது. பைப் மெலிந்தது என்பதால் அடியில் முழங்கால் நுழையும். ஆனால் வெயிலில் பைப் சுடும். வேரும் கசடும் அடைக்கும். மோட்டார் நின்றால் இரண்டு மூன்று மணி நேரத்தில் செடி தலையைத் தொங்கப்போடும். செஞ்சி வெயிலுக்கு நான் ஜல்லிப் பாத்தியையே சொல்வேன்.

நின்று வேலை செய்ய முடிந்து, குனியத்தான் முடியாதவருக்கு விளிம்பு 90 செ.மீ. இருக்கலாம். ஒரு வீட்டில் இரண்டு வகையானவர்களும் இருந்தால் இரண்டு தொட்டில்களையும் இரண்டு உயரத்தில் வைத்துவிடலாம். தண்ணீர் மேலிருந்து கீழே வழிய அது வசதிதான். எட்டும் தூரம் அரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. தொட்டிலைச் சுவரோடு ஒட்டி வைத்தால் அந்தப் பக்கத்துச் செடி உங்களுடையது இல்லை என்று ஆகிவிடும். மீன் டிரம்மை நிறுத்தி வைக்காமல் படுக்க வைத்து மேலே ஜன்னல் மாதிரி அறுத்தால், உட்கார்ந்தபடியே உள்ளே பார்க்கலாம், தீனி போடலாம். கொள்ளளவில் கொஞ்சம் போகும். அதற்கேற்ப மீனைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு கைதான் இயங்கும் என்றால் திருகும் வால்வு வேண்டாம். கைப்பிடியைத் தள்ளினால் திறக்கும் பால் வால்வு போடச் சொல்லுங்கள். பத்து லிட்டர் வாளி என்பது பத்து கிலோ. வாளியைத் தூக்கியே ஆக வேண்டிய ஒரு வேலைகூட இந்த அமைப்பில் இருக்கக் கூடாது.

செஞ்சிக் கோட்டையின் கல்யாண மகாலில் ஒரு செய்தி உண்டு. கோட்டைக்கு வெளியே இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுட்ட மண் குழாய் வழியாகக் கோபுரத்தின் மேல்மாடி வரை தண்ணீர் ஏறியது என்பார்கள். மேல்மாடியில் இருந்தவர்கள் தண்ணீருக்காக இறங்கி வரவில்லை. தண்ணீர் அவர்களிடம் போனது. கொல்லையில் குழாய் போடும் பிளம்பரிடம் நாம் சொல்ல வேண்டியதும் அதுதான். தொட்டியை நிரப்பும் குழாய் தொட்டியின் மேலேயே வந்து முடிய வேண்டும்.

அடுத்தது கல். ஜல்லி விஷயத்தில் செஞ்சிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். சுண்ணாம்புக் கல் கலந்த ஜல்லி தண்ணீரில் கரைந்து காரத்தன்மையை ஏற்றிக்கொண்டே போகும். செடி இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இளம் இலை வெளுக்கும். இங்கே கிடைப்பது கருங்கல். க்ரஷரில் முக்கால் ஜல்லி என்று கேட்டால் 20 மி.மீ. கல் கிடைக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு கல்லின் மேல் வினிகரை ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அது வேண்டாம். இரண்டு தொட்டிலுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 300 கிலோ ஜல்லி பிடிக்கும். க்ரஷர் தூசி போகும்வரை அதைக் கழுவி ஏற்றுவதுதான் மொத்த வேலையிலும் முரட்டு வேலை. இதை நீங்கள் செய்ய வேண்டாம். ஒரு நாள் கூலி கொடுத்து ஆள் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், கல், மீன் எல்லாம் சேர்ந்தால் அரை டன்னைத் தாண்டும். ஓட்டு வீட்டு மேல்தளத்திலும் பழைய மாடியிலும் வைக்காதீர்கள். தரையே போதும். படியேற முடியாதவருக்கு மாடித் தோட்டம் எதற்கு?

தண்ணீரில்தான் செஞ்சி நம்மைச் சோதிக்கும். போர் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருக்கும் தெருக்கள் நிறைய. மீன் வெளியேற்றும் அம்மோனியாவைக் கல்லில் ஒட்டி வாழும் ஒரு வகைப் பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது செடிக்கு உணவு. அந்த அம்மோனியா எவ்வளவு விஷம் என்பது தண்ணீரின் பிஎச் அளவைப் பொறுத்தது. 30 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் கொல்லும் வடிவத்தில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அது ஏழு பங்கைத் தாண்டிவிடும். ஒரே எண்தான் கூடியிருக்கிறது, ஆபத்து ஒன்பது மடங்கு. கடினத் தண்ணீரில் பிஎச் உயர்ந்தே நிற்கும். எனவே மழைநீர். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மி.மீ. மழை விழுந்தால் ஒரு லிட்டர். விழுப்புரம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மி.மீ. பெய்கிறது, பத்து சதுர மீட்டர் சார்ப்பே பத்தாயிரம் லிட்டரைக் கொடுக்கும். கோட்டைக்குள் செட்டிக்குளமும் சக்கரக்குளமும் வெட்டியவர்கள் செய்த கணக்கும் இதுதான். போர் தண்ணீரையும் மழைத் தண்ணீரையும் கலந்து பயன்படுத்துங்கள். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரை ஒரு நாளாவது திறந்து வைத்துப் பிறகு விடுங்கள்.

அந்தப் பாக்டீரியாக்கள் கடையில் வாங்கி ஊற்றியவுடன் வேலை செய்துவிடாது. நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதல் மாதம் நாலைந்து மீன், நாளுக்கு ஒரு சிட்டிகைத் தீனி, அவ்வளவுதான். வீட்டில் மீன்தொட்டி வைத்திருக்கும் யாரிடமாவது அதன் ஃபில்டர் பஞ்சைக் கேட்டு வாங்கி ஜல்லியில் பிழிந்துவிட்டால் இந்தக் காலம் குறையும். தோசை மாவுக்குப் பழைய மாவு சேர்ப்பது போல. பெரும்பாலானவர்கள் தோற்பது இந்த ஆறு வாரத்தில்தான். முதல் நாளே ஐம்பது குஞ்சு விட்டு, பத்தாம் நாள் வெள்ளை வயிறு மேலே தெரிய நிற்பார்கள்.

மீன் எது என்பதில் கையேடுகள் எல்லாம் திலேப்பியாவையே சொல்கின்றன. நான் அதற்கு ஒத்துவர மாட்டேன். நம் ஏரிகளில் ஜிலேபி என்று பிடிபடும் மொசாம்பிக் திலேப்பியா 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. குஞ்சு பொரித்துப் பொரித்து டிரம்மை நிரப்பி, ஒன்றும் வளராமல் விரல் நீளத்தில் நின்றுவிடும். மேம்படுத்தப்பட்ட கிஃப்ட் திலேப்பியாவை வளர்க்க மீன்வளத்துறை அனுமதி தேவை. ஆப்பிரிக்கக் கெளுத்தி இந்தியாவில் தடை செய்யப்பட்டது. யார் குஞ்சு கொடுத்தாலும் வாங்கக் கூடாது. உடம்பு ஒத்துழைக்காதவருக்கு ஏற்றவை காற்றைச் சுவாசிக்கும் நம் நாட்டு மீன்கள்: விரால், பனையேறிக் கெண்டை, நாட்டுக் கெளுத்தி. ஏரியில் தண்ணீர் வற்றிச் சேறான பிறகும் கிடந்து பிழைக்கும் இனங்கள் இவை. தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். கரண்ட் போன இரவில் எழுந்து ஓட முடியாத ஒருவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. விராலும் பனையேறியும் துள்ளி வெளியே குதிக்கும் என்பதால் அவற்றுக்கு மேலே வலை கட்ட வேண்டும். விரால் குஞ்சு பெல்லட் தீனிக்குப் பழகியதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

மீனைக் கொல்ல மனமில்லாதவர்களும் இந்தப் பக்கத்தில் நிறைய. மேல்சித்தாமூர்ச் சமண மடமும் திருநாதர்குன்றின் தீர்த்தங்கரர் சிற்பங்களும் இருக்கும் நிலம் இது. அவர்கள் தங்கமீன் விடலாம். தங்கமீன் நன்றாகத் தின்னும், நன்றாகக் கழிக்கும், வருடக்கணக்கில் இருக்கும். கீரைக்கு அது போதும்.

கரண்ட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 20 வாட் மோட்டாரும் 5 வாட் காற்று மோட்டாரும் இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்தில் 36 யூனிட். பில்லைப் பற்றிய பயம் வேண்டாம். கரண்ட் நிற்பதைப் பற்றித்தான் பயப்பட வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மாலை வரை நிறுத்துவதற்கு முன்னறிவிப்பு வரும். புயலுக்கு அப்படி வராது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, பக்கத்திலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாட்களில் மின்சாரம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பேட்டரி உள்ள காற்று மோட்டார் ஒன்றை வாங்கி வையுங்கள். கரண்ட் போனதும் தானாக ஓடும் வகை. இல்லாவிட்டால் ஒரு சொம்பு போதும்: அரை மணிக்கு ஒருமுறை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினால் தண்ணீரில் காற்று கலக்கும். மின்தடை நாளில் தீனி போடவே கூடாது. மீன் நாலு நாள் பட்டினியைத் தாங்கும். கெட்டுப்போன தண்ணீரைத் தாங்காது. உங்கள் உடம்பு முடியாத நாளுக்கும் இதே விதி. தீனி போடாவிட்டால் குற்றவுணர்ச்சி வேண்டாம்.

விடியற்காலையில் தொட்டியைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். ஆக்ஸிஜன் மிகக் குறைவாக இருக்கும் நேரம் அதுதான். மீன்கள் எல்லாம் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வரிசையாக நின்றால் ஏதோ தப்பு. விரால் அவ்வப்போது மேலே வந்து போவது இயல்பு. வந்தது போகாமல் நிற்பதுதான் அபாயம். அக்னி நட்சத்திரத்தில் இது அதிகம். இருபது டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்துவைக்கும். 35 டிகிரியில் ஏழுக்கும் கீழே இறங்கிவிடும். பகலெல்லாம் வெயில் குடித்த பாறை இரவிலும் சூடு கக்கும் ஊர் இது. டிரம் வேப்பமர நிழலிலோ கீற்றுப் பந்தலின் கீழோ இருக்கட்டும். பாத்திக்குத்தான் வெயில் வேண்டும்.

செடிகளில், விதைத்துப் பறித்துத் திரும்ப விதைக்கும் வேலை இல்லாதவையே நமக்கு நல்லது. பொன்னாங்கண்ணி, வல்லாரை, புதினா, வள்ளைக்கீரை, கொடிப்பசலை எல்லாம் தண்டை ஒடித்துச் சொருகினால் போதும். கத்தரிக்கோலால் கிள்ளக் கிள்ளத் தழைக்கும். அரைக்கீரையும் அப்படித்தான். தக்காளியும் மிளகாயும் பொட்டாசியமும் இரும்பும் அதிகம் கேட்கும். மீன்தீனியில் அவை குறைவு. ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம். பூச்சி வந்தால் நம் கை வேப்பெண்ணெய்க்குத்தான் போகும். இங்கே அதை அடிக்காதீர்கள். வழிந்து போய் மீனைத் தாக்கும். இலையைக் கிள்ளி எறிவதும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும்தான் வழி.

கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாலோ தொழுநோயாலோ உணர்ச்சி மரத்த கை, ஜல்லி கிழித்தால் அறியாது. மீன்தொட்டித் தண்ணீரில் வாழும் ஒரு வகை மைக்கோபாக்டீரியா வெட்டுக்காயத்தின் வழியே நுழைந்து மாதக்கணக்கில் ஆறாத புண்ணை உண்டாக்கும். எலி வந்துபோகும் இடத்தில் எலிக்காய்ச்சலும் வரலாம். முழங்கை வரை ரப்பர் கையுறை போடுங்கள்; வேலை முடிந்ததும் நல்ல வெளிச்சத்தில் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மற்றவர் பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. ஆறாத புண் இருக்கும்வரை தொட்டியில் கை வைக்கவே கூடாது. கீரையைச் சமைத்தே சாப்பிடுங்கள்.

பெல் சைஃபன் என்ற ஒன்றைப் பலரும் சொல்வார்கள். பாத்தி நிரம்பியதும் தானாகக் களுக்கென்று தண்ணீரை இழுத்துக் காலி செய்யும் குழாய். பார்க்க அழகானது. ஆனால் அது சரியாக இழுக்கும்வரை தொட்டிலின் அடியில் குந்தி உட்கார்ந்து பத்து முறை திருத்த வேண்டும். குந்த முடியாதவர் அதை விட்டுவிடலாம். பாத்தியில் ஒரு உயரத்தில் வழிகுழாய் வைத்து, மோட்டாருக்கு ஒரு டைமர் மாட்டி, குழாயின் அடியில் சின்னத் துளை போட்டால் அதே ஏற்ற இறக்கம் கிடைக்கும். இன்னொரு சிறு ஏற்பாடு: மீன் தண்ணீர் பாத்திக்குப் போகும் முன் ஒரு பக்கெட்டில் தங்கிக் கசடு படியட்டும். அதன் அடியில் ஒரு பால் வால்வு. வாரம் ஒருமுறை திறந்தால் கறுப்புத் தண்ணீர் கறிவேப்பிலைக்குப் போய்விடும். வருடத்துக்கு ஒருமுறை 300 கிலோ ஜல்லியை அள்ளிக் கழுவும் வேலையை அந்த ஒரு வால்வு தள்ளிப்போடும்.

பணம். இரண்டு டிரம், ஜல்லி, ஹாலோ பிளாக், குழாய்கள், ஏர் கூலருக்குப் போடும் சின்ன மோட்டார், காற்று மோட்டார், பிஎச்சும் அம்மோனியாவும் பார்க்கும் கிட், ஒரு நாள் கூலி எல்லாம் சேர்த்து என் கணக்கில் எட்டாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் ரூபாய். கடுமையான பாதிப்புள்ளவருக்குத் தமிழக அரசு கொடுத்துவரும் பராமரிப்பு உதவி மாதம் 2,000. அப்படிப் பார்த்தால் இந்தக் குறைந்த செலவுத் தோட்டம் அவருடைய ஐந்து மாத வாழ்க்கை. திரும்பக் கிடைப்பது, பாத்தி நன்றாக வந்தால் ஒரு வெட்டுக்கு ஒன்று, ஒன்றரை கிலோ கீரை. செஞ்சி காந்தி பஜாரில் அது சில கட்டுகளின் விலைதான். பணக் கணக்கில் இது தேறாது. ஒருவர் தன் கையால் விளைவித்த கீரை வீட்டுக் குழம்பில் விழுவதற்கும், காலையில் எழுந்து பார்க்க ஓர் உயிர் காத்திருப்பதற்கும் என்ன விலை என்பதை அவரவர்தான் சொல்ல வேண்டும். நான் அதைப் பெரிதாகவே மதிக்கிறேன்.

அரசின் பக்கம் ஒரு கதவு பாதி திறந்திருக்கிறது. 2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புறச் சிறு மறுசுழற்சி மீன் வளர்ப்புக்கு 50,000 ரூபாய் அலகுத் தொகை உண்டு. மானியம் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம். பயனாளிகள் வரிசையில் மாற்றுத்திறனாளிகள் பெயர் இருக்கிறது. அந்த 60 சதவீதம் அவர்களுக்கு என்று எழுதப்படவில்லை. எழுதப்பட வேண்டும். திண்டிவனத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையமும் மீன்வளத்துறையும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் சேர்ந்து, சக்கர நாற்காலி உயரத்தில் ஒரே ஒரு மாதிரித் தொட்டியைச் செஞ்சியில் வைத்தால், இந்தக் கட்டுரையில் உள்ளதை எல்லாம் ஒருவர் அரை மணியில் கையால் தொட்டுத் தெரிந்துகொள்வார்.

மீன் எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாதத்தில் பாதி நாள் படுக்கையில், உதவிக்கு ஆளும் இல்லை என்றால், அதே உயரத்தில் நாலு வளர்பைகளோ, அடியில் தண்ணீர் தேங்கித் திரி வழியே ஏறும் பெட்டியோ போதும். கீரை வாடினால் அடுத்த வாரம் விதைத்துக்கொள்ளலாம். தோட்டக்கலைத் துறை மாடித் தோட்டத் தொகுப்பை மானிய விலையில் கொடுக்கிறது.

எதுவானாலும் டிரம் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். கொல்லையில் தோட்டம் வரப்போகும் இடத்தில், நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் வேண்டாம். வலி இருக்கும் ஒரு நாளில். முழங்கையை மடக்கி, தரையிலிருந்து எத்தனை செ.மீ. என்று வீட்டில் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். கையை நீட்டி, சிரமமில்லாமல் எட்டும் தூரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு எண்களையும் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வையுங்கள். கொத்தனார் வரும்போது முதலில் அதைக் காட்டுங்கள்.